திரையில் டைம்கோட் பதிப்பது எப்படி? ஃப்ரேம் பிசகாத வழிமுறை

"ஆறாவது நிமிடத்தில் அந்தப் பெண் திரும்பிப் பார்க்கும் இடத்தில் இசை கொஞ்சம் முன்னதாக வரட்டும்" என்று குறிப்பு எழுதினால், அதைப் பெறுபவர் அந்த இடத்தைத் தேட வேண்டும். அவள் இரண்டு முறை திரும்பிப் பார்த்தால் எந்த முறை என்று போன் போட்டுக் கேட்க வேண்டும். "01:06:14:09-ல் இசை தொடங்கட்டும்" என்று எழுதிவிட்டால் அந்தக் கேள்விக்கே இடமில்லை. இசையமைப்பாளர், டப்பிங் பொறியாளர், சப்டைட்டில் எழுதுபவர், கிராஃபிக்ஸ் செய்பவர் என்று எடிட்டிங்குக்குப் பிறகு வேலை செய்யும் எல்லோருக்கும் டைம்கோட் (வீடியோவின் ஒவ்வொரு ஃப்ரேமுக்கும், அதாவது ஒவ்வொரு தனிப் படத்துக்கும், உரிய நேர எண்) பதித்த ஒரு நகலை அனுப்புவது இதற்காகத்தான். இந்த வேலையைத் தொழிலில் பர்ன்-இன் என்பார்கள்.

எண்ணைத் திரையில் வரவைக்க இரண்டு நிமிடம் போதும். அந்த எண் எடிட்டரின் டைம்லைனிலும் (கிளிப்புகளை வரிசையாக அடுக்கும் இடம்), அனுப்பிய கோப்பிலும், ஒலிக்கூடத்து மென்பொருளிலும் ஒரே ஃப்ரேமைக் காட்டுகிறதா என்பதில்தான் உழைப்பு இருக்கிறது. எல்லோரும் அந்த எண்ணை நம்பியே வேலை செய்வார்கள். எண் பிசகியிருந்தால், எண்ணே இல்லாத வீடியோவைவிட அதிகச் சேதம் வரும். ஆகவே இங்கே மென்பொருள் பொத்தான்களைவிட, அவற்றைத் தொடுவதற்கு முன் செய்ய வேண்டியவற்றுக்கே அதிக இடம் கொடுத்திருக்கிறோம்.

எந்த எண்ணைக் காட்டுவது?

டைம்கோட்டின் வடிவம் மணி, நிமிடம், நொடி, ஃப்ரேம். 01:06:14:09 என்பதில் கடைசி ஜோடி ஃப்ரேம் எண். எண்ணிக்கை 00-ல் தொடங்குவதால் 09 என்பது அந்த நொடியின் பத்தாவது ஃப்ரேம். நொடிக்கு 25 ஃப்ரேம் ஓடும் வீடியோவில் கடைசி ஜோடி 00 முதல் 24 வரை போய், மறுபடி 00-க்கு வரும். அங்கே 25 என்ற எண் கண்ணில் பட்டாலே எங்கோ ஃப்ரேம் ரேட் (நொடிக்கு ஓடும் ஃப்ரேம்களின் எண்ணிக்கை) மாறியிருக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம்.

திரையில் பதிக்கக்கூடிய டைம்கோட் இரண்டு வகை. கேமரா ஒவ்வொரு கிளிப்பிலும் பதிவுசெய்தது சோர்ஸ் டைம்கோட். எடிட் செய்த டைம்லைனின் தொடக்கத்திலிருந்து எண்ணப்படுவது ரெக்கார்ட் டைம்கோட். சில மென்பொருள்களில் இதற்கு சீக்வென்ஸ் டைம்கோட் என்று பெயர். இசை, டப்பிங், சப்டைட்டில் வேலைக்குப் போகும் நகலில் ரெக்கார்ட் டைம்கோட்தான் வேண்டும். கிராஃபிக்ஸ் குழுவுக்கும், படத்தின் நிறங்களைச் சரிசெய்யும் கலரிஸ்டுக்கும் போகும் நகலில் இரண்டும் வேண்டும், கூடவே கிளிப்பின் பெயரும் வேண்டும். எடிட் செய்யாத படப்பிடிப்புக் காட்சிகளை இயக்குநர் பார்ப்பதற்கு அனுப்பினால் சோர்ஸ் டைம்கோட்டும் கிளிப் பெயரும் போதும்.

போனில் எடுத்த வீடியோக்களில் பெரும்பாலும் சோர்ஸ் டைம்கோட் இருப்பதில்லை. மென்பொருள் ஒவ்வொரு கிளிப்பையும் 00:00:00:00-லிருந்து எண்ணும். நாற்பது கிளிப்புகள் இருந்தால் நாற்பதிலும் 00:00:05:12 இருக்கும். அந்த நிலையில் கிளிப் பெயர் இல்லாத சோர்ஸ் எண்ணால் யாருக்கும் பயனில்லை.

ஃப்ரேம் ரேட்: முதலில் இதைப் பாருங்கள்

மீடியாஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் கோப்பைத் திறந்து, ஃப்ரேம் ரேட்டையும் அது நிலையானதா மாறுவதா என்பதையும் பாருங்கள். சினிமாவில் 24, தொலைக்காட்சியில் நாட்டைப் பொறுத்து 25 அல்லது 29.97, இணையத்தில் இவற்றோடு 23.976, 30, 50, 59.94, 60 எல்லாம் புழக்கத்தில் உள்ளன. 24-க்கும் 23.976-க்கும் இடையே இருப்பது ஆயிரத்தில் ஒரு பங்கு வித்தியாசம். கேட்க ஒன்றுமில்லாதது போலத் தோன்றும். ஆனால் 10 நிமிடத்தில் அது 0.6 நொடி, அதாவது ஏறக்குறைய 14 ஃப்ரேம் ஆகிவிடும். முதல் வசனத்தில் உதடும் குரலும் சரியாகப் பொருந்தி, போகப்போக விலகிக்கொண்டே போனால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான்.

அடுத்த ஆபத்து மாறும் ஃப்ரேம் ரேட். போன்களும் கணினித் திரையைப் பதிவுசெய்யும் மென்பொருள்களும் ஃப்ரேம்களைச் சம இடைவெளியில் எடுப்பதில்லை. வெளிச்சம் குறைந்தாலோ கருவிக்குச் சுமை கூடினாலோ இடைவெளி நீளும். டைம்கோட்டோ ஒவ்வொரு நொடியிலும் சம எண்ணிக்கையில் ஃப்ரேம்கள் இருக்கும் என்ற அடிப்படையில் நிற்பது. ஆகவே இப்படிப்பட்ட கோப்பை முதலில் நிலையான ஃப்ரேம் ரேட்டுக்கு மாற்ற வேண்டும். ஹேண்ட்பிரேக் என்ற வீடியோ மாற்றும் மென்பொருளில் வீடியோ பகுதிக்குப் போய், பிராஜெக்டின் ஃப்ரேம் ரேட்டைத் தேர்ந்தெடுத்து, கான்ஸ்டன்ட் ஃப்ரேம்ரேட் என்பதைக் குறியிட்டு மாற்றிக்கொள்ளலாம். இதை எடிட்டிங் தொடங்கும் முன்பே செய்துவிடுங்கள். எடிட் முடித்த பிறகு மாற்றிய கோப்பைப் பழையதன் இடத்தில் வைத்தால் வெட்டிய இடங்கள் சில ஃப்ரேம்கள் நகர்ந்துவிடும்.

50, 60 ஃப்ரேம் வீடியோக்களில் இன்னொரு நுட்பம் உண்டு. உதாரணமாக 50-ல் சில கருவிகள் கடைசி ஜோடியை 00 முதல் 49 வரை எண்ணும். வேறு சில, இரண்டு ஃப்ரேம்களுக்கு ஒரே எண்ணைக் கொடுத்து 00 முதல் 24 வரை மட்டும் எண்ணும். எந்த முறை என்று பெறுபவரோடு முன்பே பேசிக்கொள்ளுங்கள்.

டிராப் ஃப்ரேம்

29.97, 59.94 ஆகிய ஃப்ரேம் ரேட்களில் வேலை செய்பவர்களுக்கு மட்டும் இந்தப் பகுதி. 24, 25, 23.976 என்றால் தாண்டிப் போய்விடலாம். அவற்றில் டிராப் ஃப்ரேம் கிடையாது.

29.97-ல் ஒரு உண்மையான மணி நேரத்துக்கு 1,07,892 ஃப்ரேம்கள்தான் ஓடும். ஆனால் நொடிக்கு 30 என்று எண்ணினால் ஒரு மணிக்கு 1,08,000 ஆக வேண்டும். 108 ஃப்ரேம் குறைகிறது. ஆகவே சாதாரணமாக எண்ணும் நான்-டிராப் முறையில், கடிகாரத்தில் சரியாக ஒரு மணி நேரம் ஆகும்போது திரையில் 00:59:56:12 என்றுதான் இருக்கும். 3.6 நொடி பின்தங்கிவிடுகிறது.

இதைச் சரிக்கட்ட டிராப் ஃப்ரேம் முறையில் சில எண்களைத் தாண்டுகிறார்கள். ஒவ்வொரு நிமிடத்தின் தொடக்கத்திலும் 00, 01 என்ற இரண்டு எண்கள் விடுபடும். பத்தால் வகுபடும் நிமிடங்களில் மட்டும் விடுபடாது. அதாவது 00:00:59;29-க்கு அடுத்த ஃப்ரேம் 00:01:00;02. ஆனால் 00:09:59;29-க்கு அடுத்தது 00:10:00;00. ஒரு மணியில் 54 நிமிடங்களில் இரண்டிரண்டாக 108 எண்கள் போய்விடும், கணக்கு நேராகிவிடும். 59.94-ல் இதே முறையில் நான்கு நான்கு எண்களாகத் தாண்டும். படத்திலிருந்து எந்த ஃப்ரேமும் போவதில்லை. தாண்டப்படுவது எண்கள் மட்டுமே. பெயரைக் கேட்டு ஃப்ரேம் தொலைகிறது என்று பயந்து நான்-டிராப்புக்கு மாற்றிவிடுபவர்கள் உண்டு. அது தேவையில்லை.

நொடிக்கும் ஃப்ரேமுக்கும் நடுவில் அரைப்புள்ளி (;) இருந்தால் டிராப், முக்காற்புள்ளி (:) இருந்தால் நான்-டிராப். பர்ன்-இன் எழுத்து சிறியதாக இருந்தால் இந்தக் குறி சரியாகத் தெரியாது. ஆகவே எது என்பதை எழுத்திலும் சொல்லிவிடுங்கள். நேரடியாகப் பார்த்துச் சோதிக்க எளிய வழி, முதல் நிமிடத்தின் முடிவுக்குப் போய் ஒவ்வொரு ஃப்ரேமாக நகர்த்துவது: எண் 00-க்குப் போகிறதா, 02-க்குத் தாவுகிறதா என்று பார்த்தால் முடிந்தது.

தொடக்க எண்

டைம்லைனை 00:00:00:00-ல் தொடங்காதீர்கள். முதல் ஃப்ரேமுக்கு முன்னால் வண்ணப்பட்டையோ தலைப்பு அட்டையோ கவுன்ட்டவுனோ சேர்க்க வேண்டி வந்தால், பூஜ்யத்துக்கு முன்னால் போக எண் இல்லை, 23:59-க்குப் போய்விடும். ஒலி மென்பொருள்கள் அங்கே தடுமாறும். நிகழ்ச்சியை 01:00:00:00-ல் தொடங்குவது பரவலான வழக்கம். பிரிட்டனிலும் ஐரோப்பாவின் சில தொலைக்காட்சிகளிலும் 10:00:00:00. படத்தை ரீல்களாகப் பிரித்தால் முதல் ரீலுக்கு 01, இரண்டாவதற்கு 02 என்று மணி எண்ணையே ரீல் எண்ணாக வைப்பார்கள். 03:11:20:05 என்ற குறிப்பைப் பார்த்தவுடன் மூன்றாவது ரீல் என்று தெரிந்துவிடும்.

ஒலிக்கூடத்துக்குப் போகும் நகலுக்கு முன்னால் 8 நொடிக் கவுன்ட்டவுன் சேர்ப்பதும், படத்தின் முதல் ஃப்ரேமுக்குச் சரியாக 2 நொடி முன்னால் ஒரே ஒரு ஃப்ரேம் நீளத்துக்கு 1 கிலோஹெர்ட்ஸ் "பீப்" வைப்பதும் நல்லது. கவுன்ட்டவுன் 01:00:00:00-ல் தொடங்கினால் பீப் 01:00:06:00-ல், படம் 01:00:08:00-ல். சிலர் படத்தையே 01:00:00:00-ல் வைத்து பீப்பை 00:59:58:00-ல் வைப்பார்கள். இரண்டுமே சரி, ஒரே வேலையில் இரண்டையும் கலக்கக் கூடாது. கடைசி ஃப்ரேமுக்கு 2 நொடி பின்னாலும் ஒரு பீப் வைத்தால், ஒலியும் படமும் நடுவில் விலகியிருக்கிறதா என்று ஒலிப்பொறியாளர் ஒரு பார்வையில் கண்டுபிடித்துவிடுவார்.

எங்கே, எவ்வளவு பெரிதாக

1920-க்கு 1080 அளவு வீடியோவில் எழுத்தின் உயரம் 40 முதல் 50 பிக்சல் போதும். போனில் பார்ப்பவர்களுக்கும் தெரியும், முகத்தையும் மறைக்காது. வெள்ளை எழுத்து, பின்னால் பாதி ஒளிபுகும் கறுப்புப் பெட்டி. பெட்டி இல்லாவிட்டால் வெளிச்சமான வானத்தில் வெள்ளை எண் கரைந்துவிடும்.

எழுத்துருவில் கவனம் வையுங்கள். எல்லா இலக்கங்களும் ஒரே அகலம் கொண்ட எழுத்துரு வேண்டும்: கூரியர், கன்சோலாஸ், மென்லோ, டிஜாவு சான்ஸ் மோனோ போன்றவை. சாதாரண எழுத்துருக்கள் சிலவற்றில் 1 மட்டும் ஒல்லியாக இருக்கும். ஃப்ரேம் எண் 10, 11, 12 என்று ஓடும்போது மொத்த வரியும் இடமும் வலமுமாகத் துடிக்கும். அரை மணி நேரம் அதைப் பார்த்துக்கொண்டே உதட்டசைவைக் கவனிக்க வேண்டிய டப்பிங் கலைஞருக்கு அது பெரிய தொந்தரவு.

இடத்தை யாருக்குப் போகிறது என்பதைப் பார்த்து முடிவுசெய்யுங்கள். சப்டைட்டில் வேலைக்கு மேலே. கீழே எழுத்து வரும் இடம் காலியாக இருக்க வேண்டும். டப்பிங்குக்கும் மேலேயே நல்லது, குளோஸ்-அப்பில் வாய் படத்தின் கீழ்ப்பாதியில் இருக்கும். கிராஃபிக்ஸ் குழுவுக்கு மூலைகள் தெரிய வேண்டியிருப்பதால் முடிந்தவரை படத்துக்கு வெளியே. உயரத்தைப் போல 2.39 மடங்கு அகலமுள்ள அகலத்திரைப் படம் 1920-க்கு 1080 சட்டத்தில் இருந்தால் மேலும் கீழும் தலா 138 பிக்சல் கறுப்புப் பட்டை இருக்கிறது. எண்களை வைக்க அதைவிட நல்ல இடம் இல்லை. ஓரத்தோடு ஒட்டி மட்டும் வைக்காதீர்கள். சில டிவிகள் ஓரங்களை வெட்டிவிடும். சில பிளேயர்களின் இயக்கப் பட்டை கீழ் ஓரத்தை மறைத்துவிடும், அதுவும் வீடியோவை நிறுத்தி எண்ணைப் படிக்கும் அதே நேரத்தில்.

டாவின்சி ரிசால்வில்

இந்த வேலைக்கு ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருளின் வசதிதான் நம் கணிப்பில் மிகச் சிறந்தது. எண்ணை எந்தக் கிளிப்பின் மேலும் வைக்க வேண்டியதில்லை, டைம்லைன் அப்படியே சுத்தமாக இருக்கும். இலவசப் பதிப்பிலேயே கிடைக்கிறது.

1. பிராஜெக்ட் அமைப்புகளில் டைம்லைன் ஃப்ரேம் ரேட்டைச் சரிபார்க்கவும். கிளிப்புகளைக் கொண்டுவந்த பிறகு பிராஜெக்டின் ஃப்ரேம் ரேட்டை மாற்ற முடியாது என்பதால், இது தொடக்கத்திலேயே சரியாக இருக்க வேண்டும்.

2. மீடியா பூலில் டைம்லைனை வலது கிளிக் செய்து, டைம்லைன்ஸ் என்பதன் கீழ் உள்ள ஸ்டார்ட்டிங் டைம்கோட் வழியாகத் தொடக்க எண்ணைக் கொடுக்கவும்.

3. வொர்க்ஸ்பேஸ் மெனுவில் டேட்டா பர்ன்-இன் சாளரத்தைத் திறக்கவும். மேலே பிராஜெக்ட், கிளிப் என்று இரண்டு நிலைகள் இருக்கும். முழு வீடியோவுக்கும் ஒரே மாதிரி வர வேண்டும் என்பதால் பிராஜெக்ட் நிலையிலேயே இருங்கள்.

4. பட்டியலில் ரெக்கார்ட் டைம்கோடைக் குறியிடவும். தேவையானால் சோர்ஸ் டைம்கோட், சோர்ஸ் கிளிப் நேம். கஸ்டம் டெக்ஸ்டில் வெர்ஷன் எண்ணையும் தேதியையும் எழுதவும். ஒவ்வொன்றையும் தேர்ந்தெடுத்து எழுத்துரு, அளவு, இடம், பின்னணிப் பெட்டியின் அடர்த்தி ஆகியவற்றைத் தனித்தனியாக மாற்றலாம்.

5. டெலிவர் பக்கத்தில், வீடியோ அமைப்புகளின் அட்வான்ஸ்டு பகுதியில் டேட்டா பர்ன்-இன் என்ற தேர்வு இருக்கும். பர்ன்-இன் வேண்டிய நகலுக்கு 'சேம் ஆஸ் பிராஜெக்ட்'. இறுதி மாஸ்டருக்கு (எண் இல்லாத சுத்தமான இறுதிக் கோப்பு) 'நன்' (None, எதுவும் வேண்டாம்).

ஐந்தாவது படியை இரண்டு தடவை படியுங்கள். பர்ன்-இன் பிராஜெக்டோடு சேர்ந்தே இருப்பதால், வாரக்கணக்கில் கழித்து இறுதி மாஸ்டரை எடுக்கும்போது அது இன்னும் இயங்கிக்கொண்டிருக்கும். சுத்தமான படத்தில் எண் ஓடுவதை ஒளிபரப்புக்குப் பிறகு கவனித்தால் ஒன்றும் செய்ய முடியாது. நகல் எடுத்து முடித்த உடனே குறிகளை நீக்கிவிடுவதே பாதுகாப்பு.

மற்ற மென்பொருள்களில்

பிரீமியர் புரோவில் ஒரு அட்ஜஸ்ட்மென்ட் லேயரை (அடியில் உள்ள எல்லாவற்றின் மேலும் எஃபெக்டைப் போட உதவும் வெற்று அடுக்கு) உருவாக்கி, எல்லா டிராக்குகளுக்கும் மேலே, சீக்வென்ஸின் முதல் ஃப்ரேமிலிருந்து கடைசி ஃப்ரேம் வரை நீட்டி வையுங்கள். புதிய பதிப்புகளில் அதன் மேல் மெட்டாடேட்டா அண்ட் டைம்கோட் பர்ன்-இன் எஃபெக்டைப் போட்டு சீக்வென்ஸ் டைம்கோடைத் தேர்ந்தெடுத்தால் போதும். பழைய பதிப்புகளில் டைம்கோட் என்ற எஃபெக்ட்தான் இருக்கும். அதில் ஜெனரேட் முறையைத் தேர்ந்தெடுத்து, தொடக்க எண்ணை சீக்வென்ஸின் தொடக்க எண்ணோடு பொருத்தி, டைம் டிஸ்பிளேயில் சரியான ஃப்ரேம் ரேட்டைக் கொடுக்க வேண்டும். இங்கே லேயர் மூன்று ஃப்ரேம் தள்ளித் தொடங்கினால் படம் முழுக்க எண்ணும் மூன்று ஃப்ரேம் பிசகிவிடும். லேயரை நடுவில் வெட்டினாலும் கணக்கு கெடும். சீக்வென்ஸின் தொடக்க எண்ணை மாற்ற, டைம்லைன் பேனலின் மெனுவில் ஸ்டார்ட் டைம் இருக்கிறது. எக்ஸ்போர்ட் அமைப்பில் எஃபெக்ட்ஸ் பகுதியிலும் டைம்கோட் ஓவர்லே ஒன்று உண்டு. அவசரத்துக்கு அது உதவும்.

ஃபைனல் கட் புரோவில் ஜெனரேட்டர்களில் எலிமென்ட்ஸ் வகையின் கீழ் டைம்கோட் என்று ஒன்று உள்ளது. அதைப் பிரதான வரிசைக்கு மேலே இணைத்து, படம் முழுவதற்கும் நீட்டி, கிளிப்பின் எண்ணா பிராஜெக்டின் எண்ணா என்பதை இன்ஸ்பெக்டரில் தேர்ந்தெடுங்கள். அவிட் மீடியா கம்போசரில் எஃபெக்ட் பேலட்டின் ஜெனரேட்டர் பகுதியில் டைம்கோட் பர்ன்-இன் இருக்கிறது. மேலே காலியாக ஒரு வீடியோ டிராக்கை உருவாக்கி அதன் மேல் இடுவது வழக்கம்.

இலவச மென்பொருள்களில் ஷாட்கட் எளிது. டைம்லைனின் வெளியீட்டையோ மேல் டிராக்கையோ தேர்ந்தெடுத்து டெக்ஸ்ட் சிம்பிள் ஃபில்டரைச் சேர்த்தால், டைம்கோட், ஃப்ரேம் எண், கோப்புப் பெயர் ஆகியவற்றை நுழைக்கும் பொத்தான்கள் வரும். கேடென்லைவில் டைனமிக் டெக்ஸ்ட் எஃபெக்ட் இதையே செய்யும். இவற்றில் எண் பெரும்பாலும் பூஜ்யத்திலிருந்துதான் தொடங்கும். பெறுபவரிடம் அதைச் சொல்லிவிட்டால் சின்ன வேலைகளுக்கு இதுவே போதும்.

எடிட்டிங் மென்பொருளே திறக்காமல், நிறையக் கோப்புகளில் ஒரேயடியாக எண் பதிக்க, கட்டளை எழுதி இயக்கும் எஃப்எஃப்எம்பெக் கருவியின் டிராடெக்ஸ்ட் ஃபில்டர் ஏற்றது. எழுத்துருக் கோப்பு, தொடக்க டைம்கோட், ஃப்ரேம் ரேட், இடம் ஆகிய நான்கையும் கொடுக்க வேண்டும். பெரும்பாலோர் மாட்டிக்கொள்வது மூன்று இடங்களில். ஒன்று, ஃபில்டர் மொழியில் முக்காற்புள்ளிக்கு வேறு அர்த்தம் இருப்பதால், டைம்கோட்டுக்குள் வரும் ஒவ்வொன்றுக்கும் முன்னால் பின்சாய்வுக் கோடு போட வேண்டும்; இல்லாவிட்டால் கட்டளை பிழை காட்டி நிற்கும். இரண்டு, கோப்புக்குள் இருக்கும் சோர்ஸ் டைம்கோடை ஃபில்டர் தானாக எடுத்துக்கொள்ளாது. நாம் கொடுக்கும் தொடக்க எண்ணிலிருந்து ஃப்ரேம்களை எண்ணிக்கொண்டு போகும். மூன்று, அப்படி ஃப்ரேம்களை மட்டுமே எண்ணுவதால், மாறும் ஃப்ரேம் ரேட் கோப்பில் எண் கடிகாரத்தோடு ஒத்துவராது. 29.97 போன்றவற்றை 30000/1001 என்று பின்னமாகக் கொடுங்கள்.

எக்ஸ்போர்ட்

டைம்லைன் ஃப்ரேம் ரேட்டும் எக்ஸ்போர்ட் ஃப்ரேம் ரேட்டும் ஒன்றாக இருக்க வேண்டும். இதில் விதிவிலக்கு இல்லை. பல மென்பொருள்களின் இணையத்துக்கான முன்னமைப்புகள் 30-க்கு மாற்றிவிடுகின்றன. முன்னமைப்பைத் தேர்ந்தெடுத்த பிறகும் அந்த எண்ணை ஒருமுறை பாருங்கள்.

பார்ப்பதற்கு மட்டும் என்றால் ஹெச்.264 என்ற சுருக்கும் முறை போதும். ஒலிக்கூடத்துக்கு என்றால் புரோரெஸ் பிராக்ஸி அல்லது டிஎன்எக்ஸ்ஹெச்டி நல்லது. ஹெச்.264-ல் பெரும்பாலான ஃப்ரேம்கள் அக்கம்பக்கத்து ஃப்ரேம்களைச் சார்ந்து சேமிக்கப்படுவதால், முன்னும் பின்னும் தாவும்போது சில மென்பொருள்கள் அருகிலுள்ள முழு ஃப்ரேமில் போய் நிற்கும். புரோரெஸில் ஒவ்வொரு ஃப்ரேமும் தனித்து நிற்கும். கேட்ட ஃப்ரேம் கேட்டபடி வரும். கோப்பு பெரிதாகும்தான். ஆனால் ஒரு நாளில் நூறு முறை முன்னும் பின்னும் ஓட்டுபவருக்கு அந்த இடம் வீண் இல்லை.

ஹெச்.264-ல் பிட் ரேட்டை (நொடிக்கு ஒதுக்கும் தரவின் அளவு) மிகவும் குறைக்காதீர்கள். ஒவ்வொரு ஃப்ரேமிலும் மாறும் கடைசி இலக்கம்தான் முதலில் பாழாகும்: 6, 8, 9 மூன்றும் ஒரே மாதிரிக் கலங்கித் தெரியும்.

ஒலியை 48 கிலோஹெர்ட்ஸில் வையுங்கள். எம்ஓவி கோப்பாக எடுத்தால் படத்தில் தெரியும் எண்ணோடு, கோப்புக்குள்ளும் ஒரு டைம்கோட் டிராக் இருக்கும். ஒலி மென்பொருள்கள் அதைப் படித்து வீடியோவைச் சரியான இடத்தில் வைத்துக்கொள்ளும். எம்பி4-ல் அந்த டிராக் பல நேரங்களில் விடுபட்டுப் போகிறது. உள்ளே இருக்கும் எண்ணும் திரையில் தெரியும் எண்ணும் வேறுபட்டால் குழப்பம் இரட்டிப்பாகும். ஆகவே முதல் ஃப்ரேமில் இரண்டையும் ஒப்பிடுங்கள்.

அனுப்பும் முன் சோதனை

எக்ஸ்போர்ட் செய்த கோப்பைத் திறந்து முதல் ஃப்ரேமையும் கடைசி ஃப்ரேமையும் பாருங்கள். கணக்கு எளிது. 25 ஃப்ரேமில் சரியாக 10 நிமிட வீடியோ என்றால் மொத்தம் 15,000 ஃப்ரேம். 01:00:00:00-ல் தொடங்கியிருந்தால் கடைசி எண் 01:09:59:24. அங்கே 01:10:00:00 தெரிந்தால் ஒரு ஃப்ரேம் கூடுதலாக எடுத்திருக்கிறீர்கள்.

பிறகு நடுவில் எங்காவது நிறுத்தி, ஒவ்வொரு ஃப்ரேமாக ஒரு முழு நொடிக்கு நகர்த்துங்கள். குயிக்டைமில் வலது அம்பு விசை. விஎல்சியில் ஆங்கில 'ஈ' விசை. கடைசி ஜோடியில் ஒவ்வொரு எண்ணும் ஒரே ஒரு முறை வர வேண்டும். ஃப்ரேம் ரேட் மாறியிருந்தால் இந்தச் சோதனையில் தப்பவே முடியாது. 24 டைம்லைனை 25-ல் எடுத்திருந்தால் நொடிக்கு ஓர் எண் இரண்டு முறை நிற்கும். 30-ஐ 25-ல் எடுத்திருந்தால் ஆறில் ஓர் எண் காணாமல் போகும். ஃப்ரேம் பிளெண்டிங் (அடுத்தடுத்த ஃப்ரேம்களைக் கலக்கும் வசதி) இயங்கியிருந்தால் 3-ன் மேல் 4 மங்கலாகப் படிந்து, எந்த இலக்கம் என்றே சொல்ல முடியாத உருவம் தெரியும். இந்தப் பேய் இலக்கம் கண்ணில் பட்டால் அமைப்பைத் திருத்தி மறுபடி எக்ஸ்போர்ட் செய்வதைத் தவிர வழியில்லை.

இன்னும் உறுதியான சோதனை ஒன்று உண்டு. எக்ஸ்போர்ட் செய்த கோப்பை அதே டைம்லைனில் மேல் டிராக்கில் தொடக்கத்தோடு பொருத்தி வைத்து, அதன் பிளெண்ட் மோடை டிஃபரென்ஸ் (இரண்டு படங்களின் வித்தியாசத்தை மட்டும் காட்டுவது) என்று மாற்றுங்கள். எல்லாம் பொருந்தியிருந்தால் படம் ஏறக்குறைய முழுக் கறுப்பாகி, எண் பெட்டி மட்டும் தெரியும். ஹெச்.264 என்றால் லேசான புள்ளிகள் இருக்கும், பரவாயில்லை. ஒரு ஃப்ரேம் விலகியிருந்தாலும் அசையும் பொருள்களின் விளிம்புகள் பளிச்சென்று ஒளிரும், ஒவ்வொரு வெட்டிலும் ஒரு ஃப்ரேம் மின்னும். கறுப்பாகவே கடைசி வரை ஓடினால் நிம்மதியாக அனுப்பலாம்.

வழக்கமான கோளாறுகள்

ஒவ்வொரு வெட்டிலும் எண் மறுபடி தொடங்குகிறது அல்லது தாவுகிறது என்றால், எஃபெக்டைக் கிளிப்புகளின் மேலேயே போட்டிருக்கிறீர்கள், அல்லது ரெக்கார்டுக்குப் பதில் சோர்ஸைத் தேர்ந்தெடுத்திருக்கிறீர்கள். எண் சில ஷாட்களில் பெரிதாகவும் சிலவற்றில் சிறிதாகவும் இருந்தாலும் அதே காரணம்: கிளிப்பைப் பெரிதாக்கும்போது அதன் மேல் உள்ள எண்ணும் பெரிதாகிறது. மேலே தனி லேயருக்கு மாற்றினால் இரண்டும் தீரும்.

ஸ்லோமோஷன் ஷாட்டில் சோர்ஸ் எண் ஒரே இடத்தில் இரண்டு மூன்று ஃப்ரேம் நிற்பது கோளாறு இல்லை. அது அப்படித்தான் இருக்க வேண்டும். மூல ஃப்ரேம் திரும்பத் திரும்ப வருவதை அது நேர்மையாகக் காட்டுகிறது. அதே ஷாட்டில் ரெக்கார்ட் எண் நிற்காமல் ஓடினால் எல்லாம் சரி.

தொடக்கத்தில் சரியாக இருந்து கடைசியில் மட்டும் விலகினால் ஃப்ரேம் ரேட் அல்லது டிராப் குழப்பம். தொடக்கம் முதல் கடைசி வரை ஒரே அளவு விலகினால் தொடக்க எண் தவறு, அல்லது கவுன்ட்டவுனைச் சேர்த்த ஒருவரும் சேர்க்காத ஒருவரும் ஒரே குறிப்பைப் படித்துக்கொண்டிருக்கிறார்கள். இந்த ஒரு வேறுபாட்டை மனதில் வைத்தால் பிழையைத் தேடும் நேரம் பாதியாகும்.

எடிட் மாறினால் பழைய நகலின் எண்கள் எல்லாம் செல்லாது. நாலாவது நிமிடத்தில் 12 ஃப்ரேமை வெட்டினால் அதற்குப் பிறகு வரும் ஒவ்வொரு குறிப்பும் 12 ஃப்ரேம் பிசகிவிடும். வெர்ஷன் எண்ணையும் தேதியையும் திரையிலேயே பதிக்கச் சொல்வது இதனால்தான். கோப்பின் பெயரை யாரும் மாற்றிவிடலாம். படத்தில் பதிந்த எழுத்து மாறாது.

பதித்த எண்ணைப் பின்னால் அழிக்க முடியாது, அதன் அடியில் இருந்த படம் போனது போனதுதான். எனவே சுத்தமான நகலும் பர்ன்-இன் நகலும் எப்போதும் தனித்தனிக் கோப்புகளாக, வேறு வேறு ஃபோல்டர்களில் இருக்கட்டும். கோப்பை அனுப்பும்போது கூடவே இந்த விவரங்களையும் எழுதுங்கள்: ஃப்ரேம் ரேட், டிராப்பா நான்-டிராப்பா, டைம்லைனின் தொடக்க எண், படத்தின் முதல் ஃப்ரேம் எண், கடைசி ஃப்ரேம் எண், பீப் இருக்கும் இடம், ஒலி டிராக்குகளில் எதில் வசனம், எதில் இசை.